மிஸிஸ் தோமஸின் சோற்றுப் பானை

கொழும்பிலிருந்து வருகிற பொறியியலாளர்களுக்கு எங்கள் கரையின் உப்புக் காற்றைப்போல ஆபத்துக்கு உதவுகிற சொந்தக்காரன் வேறு இல்லை. கணினி நின்றால் உப்புக் காற்று. விசிறி நின்றால் உப்புக் காற்று. தாங்கள் பூட்டிய வயரைத் தாங்களே மாறிப் பூட்டியிருந்தாலும் உப்புக் காற்று. காற்று வாய் திறந்து மறுக்காது என்ற தைரியம். அதற்கு அடுத்தபடியாக வாய் திறக்காதவர்கள் என்று அவர்கள் நினைத்திருந்தது சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களை. அனஸ்தாசியா விஷயத்தில் அந்த நினைப்புப் பிழையாகிப்போனது.

தலவில அன்னம்மாள் கோயிலிலிருந்து மூன்று கட்டை தூரம் தள்ளி, கடல் உள்ளே வந்து தேங்குகிற களப்புப் பக்கம் இருக்கிற இறால் பண்ணையில் கணினி அறை அவள் பொறுப்பு. 2018இல் அவளுக்கு நாற்பத்து நாலு வயது. அந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் அங்கே வேலை செய்தது அவள் புருஷன் தோமஸ் குரூஸ்தான். மோட்டார் தூக்கப்போய் அவன் முதுகு விட்டுப்போக, ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சொல்லி அவளை எடுத்தார்கள். கம்பனிப் பதிவில் ‘மிஸிஸ் தோமஸ்’ என்று எழுதினார்கள். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருஷமாக நீண்டும் உனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவள் படித்த படிப்பும் யாருக்கும் தெரியாது. கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் தட்டச்சும் ஆங்கிலமும் படித்தவள். பண்ணைக்கு வருகிற காலம் வரைக்கும் பாதி நேரம் மதுரங்குளிச் சந்தியில், போனும் கணினியும் வைத்திருந்த லாபிரின் கொமினிகேஷன் கடையில் வேலை. லாபிர் நல்ல மனுஷன்தான், ஆனால் கணினிக்கு மென்பொருள் விலைகொடுத்து வாங்கு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைத்தான் எல்லாக் கணினிக்கும் போடச் சொன்னார். அது தகராறு பண்ணினால் அவள்தான் பிரித்து மேய வேண்டும். வேறு ஆட்கள் பல்கலைக்கழகத்தில் படித்ததை அவள் லாபிரின் கஞ்சத்தனத்தில் படித்தாள்.

பண்ணையில் எட்டுக் குளங்கள். தண்ணீரில் காற்று குறைந்தால் இறால் மூச்சுத் திணறிச் சாகும். அதற்காகத்தான் குளத்துக்குக் குளம் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். எந்தக் குளத்தில் காற்று குறைகிறது என்று பார்த்து அந்தச் சக்கரத்தை ஓட விடுவது ஒரு சின்னக் கணினி, அதிலும் லினக்ஸ்தான். நாலு வருஷமாக அது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

அந்த வருஷம் மாசி மாதத்தில் கம்பனி டிரெக்டருக்கு ஓர் ஆசை வந்தது. கொழும்பில் இருந்தபடி, போனில் பண்ணையைப் பார்க்க வேண்டுமாம். இறாலின் முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. டிலான் என்ற பொறியியலாளர் வந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும், வாசனை இரண்டு குளத்துக்கு அப்பால் வரும். பண்ணைக் கணினியையும் கொழும்பையும் இணையத்தின் வழியாக ஒரு சுரங்கப்பாதைபோல இணைக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டார். சிக்னல் பிடிக்க ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டினார். போகும்போது மனேஜர் வின்சன்டுக்கு ஒரு புத்திமதியும் சொன்னார்: இனி எல்லாம் தானாக நடக்கும், வேலையாட்கள் சக்கரங்களைக் கையால் போடுகிற சுவிட்ச் பெட்டியைப் பூட்டி வையுங்கள். வின்சன்ட் அன்றைக்கே பெட்டிக்கு ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பைத் தன் இடுப்புப் பட்டியில் கோத்துக்கொண்டார். அதிகாரம் கிலுங்குகிற சத்தம் அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

பங்குனியில் கணினி இரண்டு தரம் விழுந்தது. திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடி நின்றது. கடைசி வரியைப் பார்த்ததும் அனஸ்தாசியாவுக்கு விளங்கிவிட்டது. விழுந்தது கேர்னல். கணினியின் அடி அத்திவாரம் அது. மேலே ஓடுகிற மென்பொருள் ஒன்று விழுந்தால் அதை மட்டும் எழுப்பிவிடலாம், கேர்னல் விழுந்தால் வீடே விழுந்த மாதிரி. உப்புக் காற்றுக்கு அப்படி வரிவரியாக ஆங்கிலம் எழுதத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த இயந்திரம் நின்றாலும் உடனே நிறுத்தி மறுபடி போட வேண்டும், யோசிக்கக் கூடாது. அது வின்சன்டின் சட்டம். அப்படிப் போட்டால் திரையில் இருந்த வரிகள் அத்தனையும் அழிந்துபோகும். செத்தவனைப் பார்க்கிறதுக்கு முன்னமே குழியை மூடுகிற வேலை. அனஸ்தாசியா போனை எடுத்து முதலில் திரையைப் படம் பிடித்தாள், பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். படங்களை டிலானுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“அன்ரி, இது உப்புக் காற்று. ஃபேனைத் துடைச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. முறைப்பாட்டை முடிச்சிட்டேன்.”

அவள் ஃபேனைத் துடைத்தாள். தூசுகூட இல்லை. அதற்குப் பிறகு சித்திரையிலும் வைகாசியிலும் ஆனி ஆடியிலும் கணினி ஒழுங்காக ஓடியது. டிலான் சொன்னது சரிதான் என்று வின்சன்ட் ஊரெல்லாம் சொன்னார். நாலு மாதம் காற்றில் உப்பே இருக்கவில்லை போலும்.

ஆவணியில் தலவிலத் திருநாள் வந்தது. லட்சக் கணக்கில் சனம். கொட்டில் போட்டுக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். வின்சன்டும் நேர்த்திக்கடன் என்று சொல்லிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கொட்டிலுக்குப் போனார். இடுப்புப் பட்டியும் திறப்பும் அவரோடு போயின.

திருநாளுக்கு முதல் நாள் காலை, மேகம் மூடி, காற்று அசையாமல் இருந்தது. அப்படியான நாளில் தண்ணீரிலும் காற்று குறையும், இறாலுக்கு அதைவிடக் கெட்ட நாள் இல்லை. ஆறரைக்கு அனஸ்தாசியா வேலைக்கு வந்து உடுப்பு மாற்றுகிறபோது கணினி விழுந்தது. திரையைப் படம் பிடித்துக்கொண்டு எழுப்பினாள். பத்து நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. எழுப்பினாள், விழுந்தது. எழுந்து சக்கரங்களைப் பிடிக்கக் கணினிக்கு ஆறேழு நிமிஷம் வேண்டும், பிடித்த கையோடு விழுகிறது. கையால் போடலாம் என்று ஓடினால் பெட்டியில் பூட்டுத் தொங்குகிறது. வின்சன்டின் போனுக்கு எடுத்தால் தொடர்பு இல்லை. கடைசியில் கல்லால் அடித்துப் பூட்டை உடைத்தாள். சக்கரங்கள் சுழன்றன. ஆனால் தூரத்தில் இருந்த மூன்றாம் குளத்தில் அதற்குள் இறால் மேலே மிதந்துகொண்டிருந்தது. அறுவடைக்கு இரண்டு கிழமை இருந்த குளம். அவள் வரம்பில் குந்தியிருந்து அழுதாள். இறாலுக்காக அழுத ஒரே ஆள் அந்தக் கம்பனியில் அவள்தான்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. ‘திருமதி தோமஸ், கவனக் குறைவாகக் கணினியை மீண்டும் மீண்டும் நிறுத்தியும், கம்பனியின் பூட்டை உடைத்தும் இழப்பு ஏற்படுத்தியுள்ளீர்கள். மூன்று கிழமையில் விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலைநீக்கம்.’ தகவல் கொடுத்தவர் வின்சன்ட். திறப்பைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதோடு நிற்கவும் இல்லை மனுஷன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, அவள் வேலையில் நித்திரை என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். திருநாளில் முழந்தாளில் நின்று நேர்த்தி முடித்த வாய்.

வேலை போனால் தோமஸின் மருந்துக்கு என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதைவிடப் பெரிதாக, நித்திரை கொண்டு குளத்தைச் சாகவிட்டவள் என்ற பெயர் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதை நீக்காமல் அந்தப் பண்ணையை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தாள்.

வழி கிடைத்தது றுக்கியாவின் கடையில். றுக்கியா சந்தியில் போன் ரீலோட் போடுகிறவள், அனஸ்தாசியாவின் வயதுக்காரி, வாய் மட்டும் இரண்டு பேருடையது.

“திருநாளெண்டா எனக்கு ஏவாரமே இல்ல புள்ள,” என்றாள் றுக்கியா. “அவ்வளவு சனமும் ஒரே நேரத்துல போனைத் தூக்கினா டவர் என்ன செய்யும்? சிக்னல் வரும், போகும், வரும், போகும். ஒரு ரீலோட் போட அரை மணித்தியாலம். பங்குனித் திருநாளுக்கும் இதே கூத்துத்தான், அல்லாஹ்வே!”

அனஸ்தாசியா அந்த இடத்திலேயே போனைத் திறந்து தான் எடுத்த படங்களின் திகதிகளைப் பார்த்தாள். பங்குனித் திருநாள். ஆவணித் திருநாள். நடுவில் ஒன்றும் இல்லை. சிக்னல் போய்ப் போய் வருகிறபோதுதான் கணினி விழுகிறது. சிக்னலோடு பேசுவது டிலான் போட்ட அந்தச் சுரங்க மென்பொருள்.

அன்றைக்கே டிலானுக்கு எழுதினாள். தலவிலத் திருநாள் நாட்களில் மட்டும் விழுகிறது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று விளக்கமாக எழுதினாள். பதில் உடனே வந்தது, அதுவும் சிரிக்கிற முகம் மூன்றோடு.

“அப்ப அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க அன்ரி. முறைப்பாட்டை முடிச்சிட்டேன்.”

படித்த மடையனுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. விளங்காமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அனஸ்தாசியா அவனை விட்டுவிட்டு, கேர்னலை எழுதுகிறவர்களுக்கே எழுதத் தீர்மானித்தாள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிற நிரல் அது. பிழை கண்டவர் யாராக இருந்தாலும் அவர்களுடைய பொது மின்னஞ்சலுக்கு எழுதலாம் என்று லாபிரின் கடைக் காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். எழுதத் துணிந்ததுதான் இல்லை.

முதல் கடிதம் வாசலிலேயே திரும்பி வந்தது. எழுத்தில் நிறமும் அலங்காரமும் இருக்கக் கூடாதாம், வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டுமாம். அங்கேயும் வாசலில் வின்சன்ட்மார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அலங்காரத்தைக் கழற்றி மறுபடி அனுப்பினாள். படங்களில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டினாள். அது அவளுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. கடைசியில், ‘எங்கள் ஊர்த் திருநாளின்போது விழுகிறது’ என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டாள்: அனஸ்தாசியா குரூஸ்.

மூன்றாம் நாள், பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒரு மனுஷன் பதில் எழுதினான். அவன் சிரிக்கவில்லை. திருநாள் என்றால் என்ன, எத்தனை பேர் வருவார்கள், போன் டவர் எவ்வளவு தூரம், சிக்னல் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தான். அவள் கண் கலங்கிவிட்டாள். ஏழு மாதத்தில் அந்தக் கணினியைப் பற்றி அவளிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவன்தான். கடைசிக் கேள்வி இது: ‘அந்தத் திருநாள் இல்லாமல் இதை நடத்திக் காட்ட முடியுமா?’

லட்சம் சனத்துக்கு அவள் எங்கே போவாள்? அடுத்த திருநாள் பங்குனியில், விசாரணை அடுத்த கிழமை. கணினி அறை வாசலில் நின்று யோசித்தாள். முன்னால் கொட்டிலில் பண்ணை ஆட்களின் மத்தியானச் சோற்றுக்கு அவளே உலை வைக்கிற பெரிய அலுமினியப் பானை கவிழ்த்துக் கிடந்தது. பதினைந்து பேருக்குச் சோறு வேகிற பானை. மனேஜரும் அதில்தான் சாப்பிடுகிறவர்.

முதலில் எட்டுக் குளத்துச் சக்கரத்தையும் கையால் போட்டுவிட்டாள். பூட்டுத்தான் உடைந்துபோனதே. பிறகு சிக்னல் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் பானையைக் கவிழ்த்தாள். சிக்னல் செத்தது. இருபது எண்ணித் தூக்கினாள். சிக்னல் வந்தது. மறுபடி கவிழ்த்தாள். அதற்கென்று அவள் வீட்டிலிருந்து கூட்டிவந்திருந்த தோமஸ் கதிரையில் சாய்ந்திருந்து போனில் படம் பிடித்தான்.

“உனக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு சொல்லப் போறாங்கள்,” என்றான்.

“நித்திரை கொண்டவளெண்டு சொல்லுறதுக்கு இது பரவாயில்ல. கையை ஆட்டாமப் பிடியுங்கோ.”

பதினோராம் தரம் பானையைத் தூக்கியபோது திரை கறுத்தது. அதே வெள்ளை வரிகள், அதே கடைசி வரி. அனஸ்தாசியா பானையைக் கையில் வைத்துக்கொண்டே சத்தமாகச் சிரித்தாள். இரண்டாம் முறை ஒன்பதில் விழுந்தது. மூன்றாம் முறை பதினாலில்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: ‘என்னிடம் அவ்வளவு பெரிய பானை இல்லை. பிஸ்கட் தகரத்தால் மூடிப் பார்த்தேன். எனக்கும் விழுந்தது. நன்றி.’ பிழை என்னவென்றும் எழுதியிருந்தான். சிக்னல் போனதும் சுரங்க மென்பொருள் தன் வாசலைக் கழற்றுகிறது. அந்த நேரம் பார்த்து வந்துசேருகிற தரவு ஒன்று இல்லாத வாசலில் கால் வைக்கிறது. அதைத் தடுக்கத் தெரியாமல் கேர்னல் விழுகிறது. நாலு வரி மாற்றினால் போதும். மாற்றிவிட்டான்.

விசாரணை பண்ணை அலுவலகத்தில் நடந்தது. டிரெக்டர் நடுவில், ஒரு பக்கம் வின்சன்ட், மறு பக்கம் டிலான். அனஸ்தாசியா ஒரு துணிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்தாள். அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு என்று நினைத்திருப்பார்கள்.

டிலான் முதலில் பேசினார். முகம் முழுக்க வெற்றி.

“சேர், நல்ல செய்தியோட தொடங்கலாம். இது நம்ம பிழை இல்ல. கேர்னல்லயே ஒரு பிழை, உலகம் முழுக்க உள்ளது. நான் இரவு பகலாத் தேடிப் பிடிச்சேன். வெளிநாட்டுல திருத்திட்டாங்க. முந்தாநாள் நம்ம மெஷினுக்குப் போட்டுட்டேன்.”

“கெட்டிக்காரன்,” என்றார் டிரெக்டர். “யார் இதைக் கண்டுபிடிச்சது?”

டிலான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “இந்தா சேர், திருத்தத்துக்குக் கீழயே போட்டிருக்காங்க, பிழையை அறிவிச்சவர் அனஸ்தாசியா குரூஸ். ஒரு லேடி. பேரைப் பார்த்தா றஷ்யாக்காரி. அவங்க எல்லாம் பெரிய லெவல் சேர். குக்கிங் பொட் வச்சு டெஸ்ட் பண்ணினதா எழுதியிருக்கு. அது அங்க லாப்ல இருக்கிற ஏதோ உபகரணத்துக்கு வச்ச பேரா இருக்கணும்.”

டிரெக்டர் பெரிய விஷயம் விளங்கியவர்போலத் தலையாட்டினார். அனஸ்தாசியா எழுந்து, மடியில் இருந்த பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தாள். அடி கறுத்த, பக்கம் நெளிந்த சோற்றுப் பானை. பக்கத்தில் தன் அடையாள அட்டையை வைத்தாள்.

“இது லாப் உபகரணம், சேர். இது றஷ்யாக்காரியிட ஐடென்டி காட். வாசிச்சுப் பாருங்கோ.”

டிரெக்டர் அட்டையை வாசித்தார். திரையை வாசித்தார். மறுபடி அட்டையை வாசித்தார். டிலானின் வாசனை மட்டும் அறையில் மிச்சம் இருந்தது, ஆளைக் காணவில்லை என்று சொல்லுகிற அளவுக்கு அவர் கதிரைக்குள் ஒடுங்கிப்போனார்.

அந்த இடத்தில் வின்சன்ட் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

“மெஷின்ல பிழை இருந்தா இருக்கட்டும் சேர்,” என்றார். “கையால போடுற பெட்டி ஒண்டு இருக்குத்தானே? நித்திரை கொள்ளாம இருந்தா, நேரத்தோட திறந்து போட்டிருக்கலாமே!”

“என்ன திறப்பால?” என்றாள் அனஸ்தாசியா.

வின்சன்டின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. டிரெக்டரின் கண்ணும் அதே இடத்துக்குப் போனது. பட்டியில் அந்தத் திறப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, பூட்டு உடைந்து மூன்று கிழமைக்கு மேலாகியும் கழற்ற மனம் வரவில்லை மனுஷனுக்கு.

“திருநாளண்டைக்கு இது எங்க இருந்தது, வின்சன்ட்?” என்றார் டிரெக்டர்.

வின்சன்ட் யன்னல் வழியாகக் களப்பைப் பார்த்தார். உப்புக் காற்று என்று சொல்லப் போகிறார் என்றுதான் அனஸ்தாசியா நினைத்தாள். 

டிரெக்டர் அட்டையை அவள் பக்கம் தள்ளினார். “சரி மிஸிஸ் தோமஸ், நடந்தது நடந்துபோச்சு. நீங்க வேலையைப் பாருங்க. நாங்க இதை இத்தோட விடுவம்.”

“நான் விடயில்ல சேர்,” என்றாள் அனஸ்தாசியா. அவள் உட்காரவில்லை. “குற்றத்தை எழுத்தில தந்தீங்க. இல்லையெண்டுறதையும் எழுத்தில தாங்கோ. இப்ப, இந்த மேசையில. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்ல வின்சன்ட் ஐயாவே அதை வாசிக்கட்டும். நித்திரை எண்டு சொன்ன அதே நாலு பேருக்கு.”

டிரெக்டர் பேனையை எடுத்தார். ‘திருமதி’ என்று எழுதி நிறுத்தினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பனி அவளுடைய பெயருக்காகக் காத்திருந்தது. அவள் அடையாள அட்டையை விரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள். இரண்டு தரம் வாசித்தாள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய் உலை வைத்தாள். அன்றைக்குப் பதினாலு பேருக்குச் சோறு வெந்தது. வின்சன்ட் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டார்.